ஈரிதழ் பெருந்தமனி வால்வு: ஊரில் நூற்றில் ஒருவர், வீட்டில் பத்தில் ஒருவர்

ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மருத்துவரிடம் போகிறார். ஈசிஜி, எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்கிறார்: "மாரடைப்பு எதுவும் இல்லை. வால்வில்தான் பிரச்சினை. மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் உங்களுக்குப் பிறவியிலேயே இரண்டுதான்." அவர் அந்த அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்குள் இன்னொன்றும் வருகிறது: "கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை எக்கோ பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

வெளியே வந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். இது ரொம்ப அபூர்வமான வியாதியா, இல்லை நிறையப் பேருக்கு இருப்பதா?

சுருக்கமான விடை, ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது என்பது. ஆனால் எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த விடை நம்பவே முடியாத அளவுக்கு மாறும். தெருவில் போகிறவர்களை எண்ணினால் நூற்றில் ஒருவர். நோயாளியின் வீட்டுக்குள் எண்ணினால் பத்தில் ஒருவர். பெருந்தமனி வால்வு சுருங்கிப்போய் அறுவைக்கு வந்தவர்களை எண்ணினால் பாதிப்பேர். மூன்றும் சரியான எண்கள்தான். ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் தேவையில்லாத பயமும் தேவையில்லாத அலட்சியமும் வருகின்றன.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். பள்ளிப் பாடத்தில் "ஈரிதழ் வால்வு" என்று படித்தது வேறு. அது இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வு; அதற்கு இரண்டு இதழ் இருப்பதுதான் இயல்பு. நாம் பேசுவது இடது கீழறையிலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் புறப்படும் வாசலில் இருக்கும் பெருந்தமனி வால்வைப் பற்றி. பாடப்புத்தகம் இதை அரைச்சந்திர வால்வு என்கிறது. பிறை வடிவில் மூன்று இதழ்கள் இருப்பதால் அந்தப் பெயர். கருவின் தொடக்க வாரங்களில் இதயம் உருவாகும்போது இந்த மூன்றில் இரண்டு பிரியாமல் ஒட்டியே நின்றுவிட்டால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு இதழ் வால்வு. மருத்துவர்கள் இதைப் "பைகஸ்பிட்" என்பார்கள். ஒட்டிய இடத்தில் பெரும்பாலும் தழும்புபோல ஒரு மேடு இருக்கும். அதற்கு "ராஃபே" என்று பெயர்.

இந்த மேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் நடக்கும் பாதிக் குளறுபடிக்கு இதுவே காரணம்.

எக்கோ அறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஜில்லென்ற ஜெல்லைத் தடவி, மார்பெலும்புக்குப் பக்கத்தில் விலா எலும்புகளின் இடுக்கில் கருவியை வைக்கிறார்கள். குறுக்குவெட்டாகத் திருப்பினால் வால்வு நேர் எதிரே தெரியும். இதழ்கள் மூடியிருக்கும்போது மூன்று கோடுகள் நடுவில் சந்திக்கின்றன, அச்சு அசலாக மெர்சிடிஸ் பென்ஸ் காரின் முத்திரை. எக்கோ எடுப்பவர்கள் அதை அந்தப் பெயராலேயே சொல்வதும் உண்டு. திறக்கும்போது மூன்று இதழும் மூன்று பக்கம் ஒதுங்கி வழிவிடும். இரண்டு இதழ் வால்வு அப்படித் திறக்காது, மீன் வாயைப்போலப் பிளந்து மூடும். ஆனால் மூடிய நிலையில் மட்டும் பார்த்தால் ராஃபே மேடு மூன்றாவது கோடுபோலக் காட்டி ஏமாற்றிவிடும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் படத்தை, வால்வு திறந்திருக்கும் நொடியில் நிறுத்தி எண்ணுவார்கள். வயதாகி, இதழ்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து கல்லாகிவிட்டால் அதுவும் பலிக்காது. திரையில் வெள்ளைத் திட்டு ஒன்றுதான் தெரியும். அது இரண்டா மூன்றா என்று வெட்டியெடுத்துக் கையில் வைத்துப் பார்த்தும் தயங்குகிற சமயங்கள் உண்டு.

ஆக, "எத்தனை பேருக்கு" என்ற கேள்விக்கு விடை சொல்லும் ஒவ்வொருவரும் எந்தக் கருவியால், எந்த வயதில், யாரைப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

பழைய கணக்குகள் பிரேதப் பரிசோதனை மேசையிலிருந்து வந்தவை. 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அடுத்தடுத்து நடந்த 21,417 பிரேதப் பரிசோதனைகளைப் புரட்டிப் பார்த்தது. 293 பேருக்கு, அதாவது 1.37 சதவீதம் பேருக்கு, இரண்டு இதழ் வால்வு. இன்றும் பல கட்டுரைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் "1 முதல் 2 சதவீதம்" என்பதன் முதுகெலும்பு இந்த மாதிரிக் கணக்குகள்தான். வால்வைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள் என்பதால் துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் பரிசோதனைக்கு வரும் உடல்கள் ஊரின் சராசரி அல்ல. பெரிய மருத்துவமனையில் இறந்தவர்களிடையே இதய நோயாளிகள் கூடுதலாக இருப்பார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

நேர் எதிர்த் திசையிலிருந்து ஒரு கணக்கு: இத்தாலியில் ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட 20,946 இளைஞர்களுக்கு எக்கோ எடுத்தபோது 167 பேருக்கு இருந்தது, 0.8 சதவீதம். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் இளைஞர்கள். ஏற்கெனவே நோய் முற்றியவர்கள் இந்த வரிசையில் நின்றிருக்கவே மாட்டார்கள். அந்த வகையில் இந்த எண் குறைத்துக் காட்டும். ஆண்களை மட்டும் எண்ணியதால் கூட்டியும் காட்டும், ஏனென்றால் இந்த வால்வு பெண்களைவிட ஆண்களிடம் இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம்.

என்னைக் கேட்டால் பிறந்த குழந்தைகளை எண்ணுவதுதான் நேர்மையான வழி. அங்கே நோய் முற்றியவர், தப்பியவர் என்ற சலிப்பு நடந்திருக்காது, சுண்ணாம்பும் படிந்திருக்காது. கோபன்ஹேகனில் பிறந்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எக்கோ எடுத்து 2021இல் வெளியிட்ட ஆய்வு 0.77 சதவீதம் என்றது. ஒரு பெண் குழந்தைக்கு இரண்டு ஆண் குழந்தைகள் என்ற விகிதம். இன்னொன்றும் தெரிந்தது: இரண்டு இதழ் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு, பிறந்த சில நாட்களிலேயே பெருந்தமனியின் தொடக்கப் பகுதி வழக்கத்தைவிட அகன்றிருந்தது. இந்த அகலத்தைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

நூற்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு என்றே வைத்துக்கொண்டாலும், 800 கோடி மக்கள் வாழும் உலகில் அது 6 கோடிப் பேர். பிறவி இதயக் கோளாறுகள் எல்லாவற்றையும் கூட்டினால் நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்தக் கூட்டலில் ஈரிதழ் வால்வைப் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்! இதயத்தில் துளை என்றால் எல்லாருக்கும் தெரியும், அதைவிட அதிகமாக இருக்கிற இதைப் பற்றி எவருக்கும் தெரியாது.

தெரியாமல் இருப்பதற்குக் காரணம் இந்த வால்வு பல பத்தாண்டுகள் ஒழுங்காக வேலை செய்வதுதான். இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. எழுபது வருடத்தில் 250 கோடி முறைக்கும் மேல் இந்தக் கதவு திறந்து மூட வேண்டும். மூன்று பேர் சுமக்க வேண்டிய பாரத்தை இரண்டு பேர் சுமக்கும் கதைதான். இளமையில் தாங்கிவிடுவார்கள். ஆனால் ரத்தம் பாயும் கோணம் சாய்ந்திருக்கிறது, இதழ்களில் இழுவிசை அதிகம், ஆகவே தேய்மானமும் சுண்ணாம்புப் படிவும் மற்றவர்களைவிட பத்து, இருபது வருடம் முந்திக்கொண்டு வரும். விரல் நுழையும் அளவுக்குத் திறந்த வால்வு பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கும்போதுதான் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் எல்லாம். சிலருக்கு இதற்கு மாறாக, இதழ்கள் சரியாகப் பொருந்தாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியும். இது இளைய வயதிலேயே தலைகாட்டும்.

இங்கேதான் மூன்றாவது எண் வருகிறது. பெருந்தமனி வால்வு சுருங்கியதற்காக மட்டும் அறுவை செய்துகொண்ட 932 பேரின் வால்வுகளை வெட்டியெடுத்த பின் ஆராய்ந்து, 2005இல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் 54 சதவீதம் பிறவியிலேயே இதழ் குறைந்தவை. பெரும்பாலானவை இரண்டு இதழ், சில ஒற்றை இதழ். நூற்றில் ஒருவர் என்ற சிறுபான்மை அறுவைக் கூடத்து வாசலில் பெரும்பான்மையாகிவிடுகிறது. அதை வைத்து "அப்படியானால் இரண்டு இதழ் உள்ள எல்லாருக்கும் அறுவைதானா?" என்று கேட்டால், இல்லை. அறுவைக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டு இதழ் என்பது ஒரு கேள்வி. இரண்டு இதழ் உள்ளவர்களில் எத்தனை பேர் அறுவைக்கு வருவார்கள் என்பது முற்றிலும் வேறு கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு அமெரிக்காவின் ஓல்ம்ஸ்டெட் கவுண்டியிலிருந்து நல்ல விடை இருக்கிறது. வால்வு பெரிதாகக் கெடாமல், தொந்தரவு இல்லாத நிலையில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட 212 பேரை இருபது வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவு: இருபது வருடத்துக்குப் பிறகு 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதே வயதுள்ள பொதுமக்களின் கணக்கும் அதேதான். ஆனால் அந்த இடைவெளியில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வால்வு அறுவை தேவைப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். கண்காணிப்பில் இருந்தவர்கள், தேவைப்பட்டபோது அறுவை செய்துகொண்டவர்கள், மற்றவர்களைப்போலவே வாழ்ந்தார்கள்.

கூடவே, இந்தக் கதையில் வால்வு பாதிதான். அதற்கு மேலே இருக்கும் பெருந்தமனியின் சுவரும் பலருக்குப் பலவீனமாக இருக்கும். மெல்ல மெல்ல விரியும். கோபன்ஹேகன் குழந்தைகளிடம் தெரிந்தது அதன் தொடக்கமாக இருக்கலாம். விரிந்த சுவர் உள்ளுக்குள் கிழிந்துபோவது உயிருக்கே ஆபத்து. 416 பேரைப் பின்தொடர்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், இப்படிக் கிழியும் ஆபத்து பொதுமக்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. "எட்டு மடங்கு" என்றதும் வயிற்றைக் கலக்கும். அதே ஆய்வு சொல்லும் நேரடி எண்ணையும் பாருங்கள்: பத்தாயிரம் பேரை ஒரு வருடம் கவனித்தால் மூன்று பேருக்கு. மடங்கை மட்டும் தலைப்பில் போட்டு நேரடி எண்ணை விழுங்கிவிடும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். பெருந்தமனியின் குறுக்களவு 5.5 சென்டிமீட்டரை எட்டினால் அறுவை என்பது பொதுவான எல்லை. குடும்பத்தில் யாருக்காவது கிழிந்த வரலாறு இருந்தால், அல்லது விரிவு வேகமாக இருந்தால், 5 சென்டிமீட்டரிலேயே யோசிப்பார்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். "பிறவி" என்பதும் "பரம்பரை" என்பதும் ஒன்றல்ல. பிறவிக் குறைகள் பலவும் குடும்பத்தில் முன்பின் யாருக்கும் இல்லாமல் வருபவை. ஈரிதழ் வால்வு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என எல்லாரையும் அழைத்து எக்கோ எடுத்த 1997ஆம் ஆண்டு ஆய்வில் 9 சதவீதம் பேருக்கு அதே வால்வு. மூன்றில் ஒன்றுக்கும் சற்று மேற்பட்ட குடும்பங்களில் இன்னொருவராவது மாட்டினார். அவர்கள் எல்லாரும் தமக்கு இருப்பது முன்பே தெரிந்து வந்தவர்கள் என்று எண்ண வேண்டாம். தேடியதால் கிடைத்தவர்களே பலர். ஊரில் நூற்றில் ஒருவர், வீட்டில் பத்தில் ஒருவர் என்ற கணக்கு இதிலிருந்து வருவதுதான்.

அப்படியானால் எந்த ஜீன்? இதற்குத்தான் ஏமாற்றமான பதில். 2005இல் ஐந்து தலைமுறைக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் நாட்ச்-1 என்ற ஜீனில் பிழையைக் கண்டுபிடித்தார்கள். அழகான கண்டுபிடிப்பு அது, ஏனென்றால் கருவில் வால்வை உருவாக்கும் வேலையும் பிற்காலத்தில் அதில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் வேலையும் ஒரே ஜீனிடம் இருந்தது தெரிந்தது. ஆனால் நாட்ச்-1 பிழை உள்ள நோயாளிகள் மிகச் சிலரே. அதற்குப் பின் வேறு சில ஜீன்களும் பட்டியலில் சேர்ந்தன. எல்லாவற்றையும் கூட்டினாலும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காரணம் சொல்ல முடியவில்லை. அதனால், ரத்தம் கொடுத்து ஜீன் பரிசோதனை செய்து "உனக்கு உண்டு, உனக்கு இல்லை" என்று பிரிக்க முடியாது. எக்கோ ஒன்றே வழி. டர்னர் நிலையோடு (ஓர் எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத நிலை) பிறக்கும் பெண்களும், பெருந்தமனி ஓரிடத்தில் குறுகிப் பிறப்பவர்களும் தனிக் கணக்கு. முன்னவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கும், பின்னவர்களில் பாதிப்பேர் அளவுக்கும் ஈரிதழ் வால்வு இருக்கும்.

இந்த வால்வுக்குப் பொதுவெளியில் நன்கு தெரிந்த உதாரணம் அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர். உடற்கட்டில் உலக வாகை சூடியவர், 1997இல் ஐம்பது வயது நிறையும் முன்பே இந்தப் பிறவிக் குறைக்காக இதய அறுவை செய்துகொண்டார். வைத்த வால்வுகள் தேய்ந்தபோது 2018இலும் 2020இலும் மறுபடி மேசையேற வேண்டியிருந்தது. எத்தனை கட்டுமஸ்தான உடம்பாக இருந்தாலும் வால்வின் இதழ்களைக் கூட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எண்ணும் முறை மாறினால் நோயின் அளவே மாறும் என்பதற்குப் பக்கத்து வால்வில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. மிட்ரல் வால்வின் இதழ் பின்னோக்கித் துருத்தும் குறையும் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதுதான். எக்கோ புதிதாக வந்த காலத்தில் இது 5 முதல் 15 சதவீதம் பேருக்கு, சில ஆய்வுகளில் 35 சதவீதம் பேருக்குக்கூட இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றில் ஒருவர் இதய நோயாளியா? 1980களின் பிற்பகுதியில்தான், அந்த வால்வின் வளையம் தட்டையான வட்டம் அல்ல, குதிரைச் சேணம்போல வளைந்தது என்று தெளிவானது. தவறான கோணத்திலிருந்து பார்த்தால் நல்ல வால்வும் துருத்துவதுபோலத் தெரியும். அளவுகோலைத் திருத்திக்கொண்டு அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 3,491 பேரைப் பார்த்து 1999இல் வெளியிட்டபோது எண் 2.4 சதவீதத்துக்கு இறங்கியது. லட்சக்கணக்கானவர்கள் ஒரே இரவில் குணமடைந்தார்கள் என்று கிண்டலாகச் சொல்லலாம். நடுவில் எத்தனை பேர் இல்லாத நோய்க்காகத் தூக்கம் இழந்தார்களோ.

வாதக் காய்ச்சலால் கெடும் வால்வு இவற்றில் சேராது. தொண்டைத் தொற்றின் பின்விளைவு அது, வழிவழியாக வருவதல்ல. அதை இந்தக் கணக்கில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு இதழ் வால்வில் கிருமி தங்கிப் புண்ணாக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதை மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1886இலேயே எழுதிவிட்டார். முன்பெல்லாம் பல் பிடுங்கும் முன் இந்த வால்வு உள்ள எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். 2007இல் அமெரிக்க நெறிமுறை மாறியபின், வெறும் ஈரிதழ் வால்வுக்காக அது தேவையில்லை என்றாயிற்று. செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும் முன்பு ஒருமுறை வால்வுத் தொற்று வந்தவர்களுக்கும் இன்றும் தேவை. பல்லையும் ஈறையும் ஒழுங்காக வைத்துக்கொள்வது எல்லாருக்கும் பொது.

கடைசியாக, எக்கோவுக்குப் போகும் தம்பிக்கும் மகளுக்கும். ஈரிதழ் வால்வோடு பெருந்தமனி விரிவும் உள்ளவரின் நெருங்கிய ரத்த உறவுகள் எல்லாரும் எக்கோ பார்க்க வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டு நெறிகள் அழுத்திச் சொல்கின்றன. விரிவு இல்லாவிட்டாலும் பார்ப்பதைப் பரிசீலிக்கலாம் என்கின்றன. இதழ்களின் எண்ணிக்கை வயதோடு மாறாது; தெளிவான படத்தில் ஒருமுறை மூன்று என்று தெரிந்தால் மூன்றுதான், வருடா வருடம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் குடும்பங்களில் மூன்று இதழோடு பிறந்த சிலருக்கும் பெருந்தமனி மட்டும் அகன்றிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் அறிக்கையில் "வால்வு இயல்பு" என்ற வரியோடு எழுந்து வந்துவிடாமல், பெருந்தமனியின் அடிப்பகுதியும் அதற்கு மேலுள்ள ஏறுபகுதியும் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.